கார் ஆலையும் பார்க்கணும், ஆட்டோபானிலும் ஓட்டணும் என்றால்...

கேள்வி: கோவை கணபதியில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். இன்ஜினுக்குப் போகும் சின்னச் சின்னப் பாகங்களைக் கடைந்து கொடுப்பதுதான் தொழில். மகன் மெக்கானிக்கல் கடைசி வருடம், வயது 22. அவனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆகஸ்ட் இரண்டாவது வாரம் 9 நாள் ஜெர்மனி போகலாம் என்று இருக்கிறேன். காலையில் மியூனிக்கில் இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே வாடகை கார் எடுத்து நேராக பிஎம்டபிள்யூ ஆலை, அங்கிருந்து ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே, அப்புறம் வொல்ஃப்ஸ்பர்க்கில் ஃபோக்ஸ்வாகன். ஜெர்மன் விரைவுச்சாலையான ஆட்டோபானில் ஒரு தடவையாவது 200 கிலோமீட்டர் வேகம் தொட வேண்டும். 20 வருடமாகக் கார் ஓட்டுகிறேன், வால்பாறை ஏற்றமெல்லாம் பழக்கம்தான். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் என்ன வேண்டும்? மகனும் ஓட்டலாமா?

பதில்: வணக்கம் சார். ஆசை நல்ல ஆசைதான், திட்டம் மட்டும் தலைகீழாக இருக்கிறது. முதலில் டிக்கெட், அடுத்து கார், கடைசியில் ஆலை என்று போட்டிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்றுகிறவர்களுக்குப் பயணம் திட்டமிட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. ஆலை பார்க்கப் போகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஆலைக்குள் நுழைய அனுமதி கிடைக்கும் தேதியை வாங்கிய பிறகுதான் மற்றதெல்லாம். ஏனென்றால் கார் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், ஃப்ளைட்டும் கிடைக்கும், ஆலைச் சுற்றுக்கான சீட்டு மட்டும் நாம் நினைத்த நாளில் கிடைக்காது.

ஆகஸ்ட் வேண்டாம். ஜெர்மனியில் கார் ஆலைகள் பலவும் கோடையில் சில வாரங்கள் லைனை நிறுத்திவிட்டு மராமத்து, மாற்றியமைப்பு வேலைகளைப் பார்க்கும். அந்தச் சமயத்தில் போனால் ஒன்று சுற்றே இருக்காது, அல்லது ஓடாத லைனைப் பார்த்துவிட்டு வருவீர்கள். போதாக்குறைக்கு மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பள்ளி விடுமுறையும் ஆகஸ்டில்தான், அது செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளும், தெற்கே ஆல்ப்ஸ் பக்கம் போகும் சாலைகள் எல்லாம் சனிக்கிழமைகளில் நகரவே நகராது. சரி, செப்டம்பருக்குத் தள்ளலாம் என்றால் இன்னொரு சங்கதி இருக்கிறது. அக்டோபர்ஃபெஸ்ட் பெயரில்தான் அக்டோபர், தொடங்குவது செப்டம்பர் நடுவில். அப்போது மியூனிக் ஹோட்டல் வாடகை கேட்டால் தலை சுற்றும். ஆகவே பள்ளி விடுமுறை நெரிசலைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு செப்டம்பர் முதல் இரண்டு வாரம், இல்லாவிட்டால் அக்டோபர் இரண்டாவது வாரத்துக்கு மேல். அக்டோபர் 3 அவர்களுடைய தேசிய விடுமுறை, அன்றைக்கும் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மியூனிக் ஆலைக்கான சுற்று வார நாட்களில்தான், புறப்படும் இடம் பக்கத்தில் இருக்கும் பிஎம்டபிள்யூ வெல்ட் கட்டடம். ஆங்கிலச் சுற்று என்று பார்த்து பதிவு செய்யுங்கள், ஜெர்மன் சுற்றில் இடம் இருக்கிறதே என்று போய் நின்றால் இரண்டு மணி நேரமும் தலையாட்டிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். நடை அதிகம், படிக்கட்டு உண்டு, செருப்பு போட்டுக்கொண்டு போகக் கூடாது, ஷூ போடுங்கள். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாது, மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் பதிவு செய்யும்போதே சொல்லிக் கேட்டுவிடுங்கள், வெல்டிங் நடக்கும் இடம் அது.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன், இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். இன்ஜின் பாகம் கடைகிறவர் என்பதால் இன்ஜின் கோக்கும் லைனைப் பார்க்கத்தான் உங்களுக்கு ஆவல் இருக்கும். மியூனிக்கில் அது இப்போது இல்லை. பெட்ரோல், டீசல் இன்ஜின் தயாரிப்பை 2023 கடைசியில் அங்கே நிறுத்திவிட்டு, ஆஸ்திரியாவில் ஸ்டையர், இங்கிலாந்தில் ஹாம்ஸ் ஹால் ஆலைகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலியான இடத்தில் புது மின்சார கார்களுக்கான பாடி ஷாப், அசெம்பிளி என்று எழுப்பி, 2027 கடைசிக்கு மேல் அந்த ஆலையில் மின்சார கார் மட்டும்தான் என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. 1922 முதல் இருக்கும் ஆலை அது. சுற்றிலும் குடியிருப்பு, பக்கவாட்டில் விரிய இடம் இல்லை, அதனால் மாடி மாடியாக வேலை நடக்கிறது, கார் பாடி ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். முழு ஓட்டத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 1000 கார் வெளியே வரும். ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும் இந்த அமைப்பை, உங்கள் பட்டறையில் ஜாப் நகரும் வழியை யோசித்துக்கொண்டே பாருங்கள்.

நம் பக்கம் சென்னைக்கு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-இல் பிஎம்டபிள்யூ திறந்த ஆலையில் பாகங்களாக இறக்கிப் பூட்டுகிறார்கள். மியூனிக்கில் தகடு அடிப்பதிலிருந்து பார்க்கலாம். பிரஸ் ஷாப்பில் காலுக்கடியில் தரை அதிர்வது தெரியும். பாடி ஷாப்பில் ரோபோக்கள் பொறி பறக்கப் புள்ளி வெல்டிங் வைக்கும், ஆளே இருக்க மாட்டார்கள், எல்லோரும் அங்கேதான் வாய் பிளந்து நிற்பார்கள். நான் உங்களைப் போன்றவர்களுக்குச் சொல்வது, அசெம்பிளியில் உங்கள் கவனத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்து முடித்த காரிலிருந்து கதவுகளைக் கழற்றித் தனி வழியில் அனுப்பிவிடுவார்கள், ஆள் உள்ளே குனிந்து டேஷ்போர்டு பூட்டக் கதவு இடைஞ்சல் என்பதற்காக. கடைசியில் அதே கதவு அதே காருக்கே வந்து சேரும். லைனில் அடுத்தடுத்து வரும் 2 கார் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம், ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், ஒன்றுக்குத் தோல் சீட், அடுத்ததற்குத் துணி. சீட்டும் அந்த வரிசைப்படியே வெளியிலிருந்து லாரியில் வந்து இறங்கும். ஒரு சப்ளையர் வரிசை மாற்றி அனுப்பினால் என்ன ஆகும் என்று அங்கே நின்று யோசித்துப் பார்த்தால், நம்மிடம் வாங்குகிறவர்கள் டெலிவரி தேதிக்கு ஏன் அந்தக் கத்து கத்துகிறார்கள் என்று புரியும். பெயின்ட் ஷாப்பில் தூசி துடைக்க ஈமு இறகு வைத்த உருளைகளைப் பயன்படுத்தும் கார் ஆலைகள் உண்டு. ஈமு என்றால் பெருந்துறைப் பக்கத்து ஆட்களுக்கு ஈமு பண்ணை மோசடிதான் ஞாபகம் வரும், அதை விடுங்கள்.

ஒன்று, இது பொதுமக்களுக்கான சுற்று. விசிட்டிங் கார்டை நீட்டி ஆர்டர் கேட்கிற இடம் இல்லை. உங்களுடன் வருகிற வழிகாட்டிக்குப் பர்சேஸ் டிபார்ட்மென்டோடு எந்தச் சம்பந்தமும் இருக்காது.

போர்ஷே: ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசனில் மியூசியம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆலைக்குள் போவது தனிக் கதை, அதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும், கிடைத்தால் பாருங்கள். கிடைக்காவிட்டாலும் ஸ்டுட்கார்ட் வீண் இல்லை. மெர்சிடிஸ் மியூசியம் ஒரு முழு நாளை விழுங்கும், லிஃப்டில் உச்சிக்குப் போய்விட்டு 1886 காலத்து வண்டியிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கி வருகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். வொல்ஃப்ஸ்பர்க்கை இந்தத் தடவை வெட்டிவிடுங்கள். நல்ல இடம்தான், 400 கார் நிற்கும் கண்ணாடிக் கோபுரம் இரண்டு இருக்கிறது, ஆலையே சொந்தமாக சாசேஜ் செய்து அதற்குக் கார் உதிரிபாகம் மாதிரி ஒரு பார்ட் நம்பரும் கொடுத்து வைத்திருக்கிறது. ஆனால் அது வடக்கே, பெர்லினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். 9 நாளில் மியூனிக், ஸ்டுட்கார்ட், வொல்ஃப்ஸ்பர்க் மூன்றையும் கட்டினால் மனைவி பார்க்கப் போவது நெடுஞ்சாலையும் காரும் மட்டும்தான். அவர் என்ன பார்க்க ஆசைப்படுகிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே சார்.

இனி கார். மியூனிக்கிலும் ஸ்டுட்கார்ட்டிலும் உங்களுக்குக் கார் தேவையே இல்லை. பிஎம்டபிள்யூ வெல்ட்டுக்கு யு3 மெட்ரோவில் ஒலிம்பியாசென்ட்ரும் நிறுத்தம், போர்ஷேவுக்கு எஸ்6 ரயில் மியூசியம் வாசலிலேயே நிற்கும், இரண்டு ஊருக்கும் நடுவே ரயில் இரண்டு மணி நேரச் சொச்சம். கார் வைத்திருந்தால் பார்க்கிங் தேடுவதும் காசு கட்டுவதும்தான் வேலை. அதைவிட முக்கியம், ராத்திரி முழுக்க ஃப்ளைட்டில் உட்கார்ந்து வந்து, நம் உடம்புக்கு இன்னொரு நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, வாழ்க்கையில் முதல் தடவையாக இடதுபக்க ஸ்டியரிங்கில், வலதுபக்கச் சாலையில், ஏர்போர்ட்டிலிருந்து நேரே ஆட்டோபானில் ஏறுவது தேவையில்லாத வேலை. ஆலை, மியூசியம் எல்லாம் முதல் 4, 5 நாளில் ரயிலில் முடித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களிலேயே தெருவைக் கடக்கும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் வலதுபக்கப் போக்குவரத்து கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு ஸ்டுட்கார்ட்டில் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போங்கள்.

காரை எந்த நாளில் எடுப்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணி வரை ஜெர்மன் சாலைகளில் பெரிய லாரிகள் ஓடத் தடை. வலது லேனில் வரிசை கட்டி 80-இல் போகும் லாரி எதுவும் இல்லாத ஆட்டோபான் ஞாயிறு காலையில் மட்டும்தான் கிடைக்கும், புதிதாக ஓட்டுகிறவருக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் ஊருக்குள் இருக்கும் வாடகை கார் அலுவலகங்கள் பலவும் ஞாயிறு மூடிக் கிடக்கும், சனிக்கிழமை மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிடும். ஆகவே ஏர்போர்ட் கவுன்டரில் எடுங்கள், அல்லது சனி காலையே எடுத்து ஹோட்டலில் நிறுத்திவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்று கேட்டே பதிவு செய்யுங்கள், பணம் கொஞ்சம் கூட ஆனாலும். கேட்காவிட்டால் கியர் வண்டிதான் வரும், அதை வலது கையால் போட வேண்டும். கை தானாக இடதுபக்கம் போய்க் கதவில் இடிக்கும். இண்டிகேட்டர் தண்டும் இடதுபக்கம், நம் ஊர் மாருதி, ஹூண்டாய் ஓட்டிப் பழகியவர் முதல் நாள் முழுக்க வளைவுக்கு வளைவு வைப்பரைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார். அது சிரிப்போடு போய்விடும். சிரிக்க முடியாதது என்னவென்றால், நீங்கள் இடதுபக்கம் உட்கார்ந்திருப்பதால் காரின் வலதுபக்கம் எங்கே முடிகிறது என்று கணக்கு பிடிபடாது, வண்டி தானாக வலது ஓரமாக இழுத்துக்கொண்டு போகும், நடைபாதைக் கல்லில் அலாய் வீல் உரசும். வாடகை காரில் நம்மவர்கள் தண்டம் கட்டுவது பெரும்பாலும் இந்த வலதுபக்க வீலுக்குத்தான். மகனை முன்சீட்டில் உட்காரவைத்து வலது ஓரத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ்: விபத்துச் சேதம் முழுவதும் அடங்கிய, நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று இருக்கும் திட்டமாக எடுங்கள். அப்படி எடுத்தாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் அதில் சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள், பல இடங்களில் சேர்த்தி இல்லை. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டால் பெரும்பாலும் இன்சூரன்ஸ் காப்பாற்றாது. பங்க்கில் நாமேதான் போட வேண்டும், போட்டுவிட்டு உள்ளே போய்க் காசு கட்ட வேண்டும். மூடியில் ஒட்டியிருக்கும் குறியைப் பாருங்கள், வட்டத்துக்குள் இ5, இ10 என்று இருந்தால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல், பம்பிலும் அதே குறி இருக்கும். காரை எடுக்கும்போது நாலு வீல், கூரை, முன் கண்ணாடி, பம்பரின் கீழ் விளிம்பு எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்கெனவே இருக்கும் கீறலைக் காகிதத்தில் எழுதி வாங்காமல் சாவியைக் கையில் வாங்காதீர்கள். சின்ன உரசலாக இருந்தாலும் 110-க்கு அடித்துப் போலீஸை வரவழையுங்கள், போலீஸ் பதிவு இல்லையென்றால் இன்சூரன்ஸ் தர மாட்டோம் என்பது வாடகை ஒப்பந்தங்களில் சகஜமான நிபந்தனை.

கவுன்டரில் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். தமிழ்நாட்டில் லைசென்ஸில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கிரெடிட் கார்டில் இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி. அங்கே இருக்கும் பெண்ணுக்கு இது மூன்று ஆட்கள். மூன்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் இப்போதே லைசென்ஸைத் திருத்துங்கள். கிரெடிட் கார்டு ஓட்டுகிறவர் பெயரில்தான் இருக்க வேண்டும், டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் பெரும்பாலும் எடுபடாது, முன்பணமாக ஒரு தொகையை அந்தக் கார்டில் முடக்கி வைப்பார்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டையும் லிமிட்டையும் வங்கி ஆப்பில் திறந்துவிட்டுப் போங்கள். ரூபாயிலா யூரோவிலா என்று மெஷின் கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள்.

லைசென்ஸுக்கு, ஆர்டிஓவில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துவிடுங்கள், அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அது மொழிபெயர்ப்புப் புத்தகம் மட்டுமே, அசல் கார்டு கையில் இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. வாடகை நிறுவனத்துக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போட்டு, இந்திய லைசென்ஸும் இந்தப் பெர்மிட்டும் போதும் என்ற பதிலை வாங்கி பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, 200. ஆட்டோபானில் வேக வரம்பு இல்லாத நீளங்கள் உண்மைதான், ஆனால் 130 என்பது 1978 முதல் பரிந்துரைக்கப்பட்ட வேகம். அதற்கு மேல் போகும்போது விபத்து நடந்தால், தப்பு எதிராளி மேல் இருந்தாலும் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். நீங்கள் நினைக்கும் மியூனிக்-ஸ்டுட்கார்ட் ஏ8 சாலையில் வரம்புப் பலகைகள் ஏராளம், உல்ம் தாண்டியதும் பழைய காலத்துக் குறுகலான மலை இறக்கம் வேறு. ஆசைக்கு ஓட்டிப் பார்க்க ஸ்டுட்கார்ட்டிலிருந்து தெற்கே சிங்கன் போகும் ஏ81 நல்லது, கீழே போகப் போக வண்டி குறையும், வரம்பில்லாத நீளங்களும் உண்டு. அங்கே 140, 150 வரை போய்ப் பாருங்கள், அதுவே வேறு அனுபவம். 200 வேண்டாம் என்பதற்குக் காரணம் உங்கள் கையில் இருக்கும் ஸ்டியரிங் இல்லை, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி. நீங்கள் 110-இல் ஒரு வண்டியை முந்த இடதுபக்கம் நகரும்போது பின்னாலிருந்து ஒருவர் 220-இல் வருகிறார் என்று வையுங்கள். இடைவெளி விநாடிக்கு 30 மீட்டர் குறைகிறது. கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்தவர் 10 விநாடியில் உங்கள் டிக்கியில் நிற்பார். வால்பாறையில் 20 வருடம் ஓட்டினாலும் இந்தக் கணக்கு கண்ணுக்கு வராது, நம் சாலையில் அப்படி யாரும் வருவதில்லை. முந்தி முடித்ததும் உடனே வலதுபக்கம் வந்துவிட வேண்டும், வலதுபக்கமாக முந்தவே கூடாது. நம் ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் 'நான் வர்றேன், நீ நில்லு' என்று பொருள். அங்கே வழியில் காத்து நிற்கிறவர் லைட் அடித்தால் 'நீங்கள் போங்கள்' என்கிறார். ஹாரன் ஆபத்துக்கு மட்டும்.

போக்குவரத்து நெரிசலில் வண்டிகள் நின்றுவிட்டால், இடதுகோடி லேனில் இருப்பவர் இடதுபக்கம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லா லேனும் வலதுபக்கம், நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட பிறகு இல்லை, வேகம் குறையும்போதே. செய்யாவிட்டால் அபராதம் 200 யூரோவில் தொடங்கும். பெட்ரோல் தீர்ந்து ஆட்டோபானில் நிற்பதும் குற்றம்தான்.

உண்மையில் புதிதாக ஓட்டுகிறவரைத் தடுமாற வைப்பது ஆட்டோபான் இல்லை, 30 போட்ட குடியிருப்புத் தெருக்கள். எந்தப் பலகையும் இல்லாத சந்திப்பில் வலதுபக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதல் உரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். நீங்கள் அகலமான தெருவில் போகிறீர்கள் என்பது கணக்கிலேயே வராது. மஞ்சள் பலகையில் ஊர் பெயர் தெரிந்தால் அந்தப் பலகையிலிருந்தே 50, தனியாக எண் எழுதியிருக்க மாட்டார்கள், கேமரா மட்டும் இருக்கும். அபராதச் சீட்டு முதலில் வாடகை நிறுவனத்துக்குப் போகும். விவரம் கொடுத்ததற்கு அவர்கள் உங்கள் கார்டில் தனியாக ஒரு கட்டணம் பிடிப்பார்கள், அசல் அபராதம் அப்புறம் கணபதிக்குத் தபாலில் வரும்.

சிங்கன் வரை போனால் ரைன் அருவி பக்கம்தான், அது சுவிட்சர்லாந்து. எல்லை தாண்டுவதை வாடகை ஒப்பந்தத்தில் முன்பே எழுத வேண்டும், சுவிஸ் நெடுஞ்சாலையில் ஏறுவதானால் 40 ஃபிராங்க் வருடச் சீட்டு வேண்டும், ஒரு நாள் போனாலும் அதே 40. திரும்பும்போது கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) வழியாக வாருங்கள். ஃப்ராய்டன்ஸ்டாட்டிலிருந்து பாடன்-பாடன் போகும் பி500 மலைச்சாலையில் உங்கள் வால்பாறைக் கை நன்றாகப் பேசும், மனைவிக்கும் பார்க்க ஏதாவது கிடைக்கும்.

மகன் ஓட்டலாமா என்று கேட்டீர்கள். லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும், ஆனால் 25 வயதுக்குக் கீழ் என்பதால் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம், பெரிய கார் வகைகள் கிடைக்காது. அவருக்கும் தனியாக பெர்மிட் எடுத்து, ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராகப் பெயர் சேர்த்தால் மட்டும் சாவியைக் கொடுங்கள். பெயர் இல்லாமல் பார்க்கிங்கில் 10 அடி நகர்த்தி இடித்தாலும் இன்சூரன்ஸ் செல்லாது. கட்டணத்தைக் கேட்டுப் பார்த்து, அவர் ஓட்டப் போவது ஒரே நாள்தான் என்றால் விட்டுவிடச் சொல்வேன்.